முதுமையின் மனச்சோர்வும் மறதி நோயும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



முத்துக்குளிப்பும் கடல் வணிகமும் வளர்த்த கரை நம்முடையது. தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகப் பொருள் தேடிக் கடல் கடந்து சென்றார்கள். கொழும்புக்குச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று துபாயிலும் ஹாங்காங்கிலும் இருக்கிறார்கள். வீடுகள் உயர்ந்தன, அவ்வீடுகளில் வயது முதிர்ந்த வாப்பாவும் உம்மாவும் தனித்திருப்பதும் கூடியது. அவர்களுள் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்கிறோம். மறதியும் சேர்ந்துகொண்டால், "அவர் தகப்பனாருக்கும் இப்படித்தான், பரம்பரை" என்கிறோம். இவ்விரு வாசகங்களும் சரிதானா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் மேல்நாட்டாருக்கு மட்டும் வருவது என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். 1998-ஆம் ஆண்டு கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற பெயரில் ஒரு குழு அமைத்தார்கள். நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் 10 விழுக்காடு கூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே அப்பெயரின் பொருள். அக்குழு நம் தமிழகத்தில் சென்னையிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் முதியோரிடையே ஆய்வு நடத்தியது. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கிறார்கள்.

மனச்சோர்வுக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு? முதுமையில் மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடம் பின்னர் மறதி நோய் வருவது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகிறது. லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் 28 ஆண்டுகள் கவனித்து, 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு நுட்பத்தைக் காட்டியது. நடுத்தர வயதில் இருந்த மனச்சோர்வுக்கும் மறதி நோய்க்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. ஆனால், பிற்காலத்தில் மறதி நோய் கண்டவர்களிடம், நோய் உறுதியாவதற்குச் சுமார் 11 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனச்சோர்வு கூடிக்கொண்டு வந்திருந்தது. எனவே முதுமையில் புதிதாக வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதி நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். சிலருக்கு அந்நோய் வரத் துணைபுரியும் காரணமாகலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுப்பதால் இரண்டும் சேர்ந்தே வரவும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. மனச்சோர்வே சில நேரங்களில் மறதி நோய் போலத் தோற்றமளிக்கும். மனச்சோர்வு உள்ளவர், "எனக்கு எதுவுமே நினைவில் நிற்பதில்லை" என்று தாமே முறையிடுவார். சில வாரங்களில் மாற்றம் தெரியும். மறதி நோயில் பெரும்பாலும் அவருக்குத் தம் மறதி தெரியாது, வீட்டார்தாம் கவனிப்பார்கள், மாதக்கணக்கில் மெல்ல வளரும். தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும்கூட மறதியை உண்டாக்கும். இவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. குணப்படுத்தக்கூடிய ஒன்றை "வயது" என்று சொல்லி விட்டுவிடுவது எத்தனை பெரிய இழப்பு!

இனி, 'பரம்பரை' என்ற சொல்லுக்கு வருவோம். நம் ஊர்களில் இச்சொல் சம்பந்தம் பேசும் இடம்வரை செல்கிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று அஞ்சி, பாட்டனாரின் நோயை மறைத்து, அவரை உள்ளறையில் இருத்திவிடும் குடும்பங்கள் உண்டு.

அறிவியல் கூறுவது இது. அபோஇ என்ற மரபணுவுக்கு 2, 3, 4 என மூன்று வகைகள் உண்டு. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவரும் இரண்டு பிரதிகளைப் பெறுகிறோம். நான்காம் வகைக்கும் அல்சைமர் நோய்க்கும் உள்ள தொடர்பு 1993-இல் தெரியவந்தது. அதில் ஒரு பிரதி இருந்தால் நோய்வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு. ஆயினும் அவ்வகை உள்ள பலர் நோயின்றியே வாழ்ந்து முடிக்கிறார்கள். அது இல்லாத பலருக்கும் நோய் வருகிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் அல்சைமர் மிக அரிது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தோன்றிவிடும். எனவே எண்பது வயதுப் பாட்டனாரின் மறதியைக் கொண்டு பேத்தியின் வாழ்வைத் தீர்மானிப்பதற்கு அறிவியலில் ஆதாரமில்லை.

பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான முதியோரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மரபணு வாய்ப்பு மிகுந்தவர்களிடையேயும், நல்ல உணவும் உடலுழைப்பும் கொண்டு, புகையைத் தவிர்த்து, மதுவில் அளவு மீறாதவர்களுக்கு நோய் குறைவாகவே வந்திருந்தது. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல், மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. மனச்சோர்வு, தனிமை, காது கேளாமை, பார்வைக் குறைவு, நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை அவற்றுள் அடங்கும். அனைத்தையும் சரிசெய்தால் உலகில் 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு.

பெரியோர்களே! மனநோயை மறைப்பதும் மருத்துவத்தைத் தவிர்ப்பதும் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நம் கரை கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அதன் பிறகே நாடு விழித்தது. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்ற எண்ணத்தில், தர்காக்களுக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவம் அளிக்கும் திட்டங்கள் குஜராத்திலும் ஏர்வாடியிலும் உருவாயின.

நாம் செய்யக்கூடியவை எளியவை. பசியும் உறக்கமும் குறைந்து, காரணமின்றி உடல் வலியைச் சொல்லி, "நான் உங்களுக்குப் பாரம்" என்று ஒரு பெரியவர் இரண்டு வாரங்களுக்கு மேல் வருந்தினால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழ விருப்பமில்லை என்றால் அன்றே செல்லுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2022-இல் தொடங்கப்பட்ட டெலிமனாஸ் மனநல உதவி எண் 14416; கட்டணமில்லை. காது கேளாதவருக்குக் கருவி வாங்கித் தாருங்கள். இரவும் பகலும் பணிவிடை செய்யும் மருமகளுக்கும் மகளுக்கும் வாரத்தில் ஒருநாளாவது ஓய்வு கொடுங்கள்.

வழக்கமாகத் தொழுகைக்கு வரும் பெரியவர் ஒரு வாரம் ஸஃப்பில் காணப்படாவிட்டால், அவர் வீட்டுக் கதவைத் தட்ட முஹல்லாவுக்கு இருவர் முன்வர வேண்டும். வீட்டிலிருக்கும் முதிய தாய்மார்களைப் பெண்கள் சென்று காண வேண்டும். இவ்வாண்டு நிர்வாகம் இதற்கென ஒரு பெயர்ப்பட்டியல் தயாரிக்குமாறு கேட்டு அமர்கிறேன்.