முதல் அழியா வணிகம்



பழனிக்கு அண்மையில் ஐவர்மலை என்றொரு குன்று உண்டு. அதன் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கி.பி. 870-இல், பாண்டியன் இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டில், சாந்திவீரக் குரவர் அங்குள்ள பார்சுவநாதர், இயக்கியர் உருவங்களைப் புதுப்பித்து, இடையறாத வழிபாட்டுக்கும் ஒரு துறவியின் உணவுக்கும் 505 காணம் பொன் வைத்ததைக் கல்வெட்டு உரைக்கிறது. முதலை அழியாமல் நிறுத்தி, அதன் பொலிசையால் அறம் நடத்துவது அக்கால வழக்கம். 'முதல் நிற்குமா?' என்பதே பொருளைக் கையாள்வோர் எக்காலத்தும் முதலில் கேட்க வேண்டிய வினா.

அக்குன்றுக்குத் தெற்கே உயர்ந்து நிற்கும் பழனி மலைத்தொடரில் கொடைக்கானல் அமைந்துள்ளது. அங்கே 'பிரான்சைஸ்' எனப்படும் பெயருரிமைக் கடை ஒன்றை எடுத்து நடத்தலாமா என்று ஒரு குடும்பம் எண்ணுவதாகக் கொள்ளலாம். கையில் இருப்பது நிலம் விற்ற பணம் அல்லது ஓய்வுபெற்றபோது வந்த பணிக்கொடை. அது போனால் மீண்டும் வாராது. பெயர்பெற்ற நிறுவனம், அழகிய பலகை, ஆயத்தமான செய்முறை ஆகியவை மனத்தைக் கவரும். ஆயினும் விலைகொடுத்து வாங்கப்படுவது கடையன்று. பிறர் பெயரைச் சில ஆண்டுகள் பயன்படுத்தும் இசைவு மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். முதலீடு 30 இலட்சம். ஒப்பந்தக் காலம் 5 ஆண்டு. முதல் மட்டும் திரும்ப வேண்டுமாயின் மாதந்தோறும் 50,000 ரூபாய் மிஞ்ச வேண்டும். மாத விற்பனை 5 இலட்சம் என்க. சரக்குக்கு 2 இலட்சம், வாடகை 80,000, கூலி 1 இலட்சம், மின்சாரமும் பிறவும் 40,000, நிறுவனத்திற்குரிய உரிமத்தொகை நூற்றுக்கு 6 வீதம் 30,000. ஆகச் செலவு 4,50,000. மிஞ்சும் 50,000 முதலை மீட்கவே சரியாகிவிடும். குடும்பத்தார் நாள் முழுதும் நின்று உழைத்த உழைப்புக்கு ஒரு காசும் இல்லை. மழைக்காலத்தில் விற்பனை பாதியாகுமேல் சரக்குச் செலவும் உரிமத்தொகையும் பாதியாகும்; வாடகையும் கூலியும் குறையா. அம்மாதம் 85,000 ரூபாய் கைப்பொருள் கரையும். உரிமத்தொகை இலாபத்தின் மீதன்று, விற்பனையின் மீதே கணக்கிடப்படுவது பெருவழக்கு என்பதை மறத்தலாகாது. நட்டம் வந்த மாதத்திலும் அதனைக் கட்டியே தீரவேண்டும்.

கொடைக்கானலுக்கே உரிய தடைகளும் உள. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் மலையேறும் ஊர்திகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025-ஆம் ஆண்டுக் கோடைப் பருவத்தில் நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 ஊர்திகள் என வரம்பும் விதிக்கப்பட்டது. மலையின் நலத்துக்கு இது நன்று. ஆனால் சமவெளியில் உள்ள கிளையின் விற்பனையைக் காட்டி, மலையிலும் அவ்வாறே விற்கும் என்பார் சொல்லை அப்படியே ஏற்றல் தகாது. விதிமீறிக் கட்டப்பட்ட பல கட்டடங்கள் அங்கே நீதிமன்ற ஆணையால் பூட்டி முத்திரையிடப்பட்டன. ஆகவே வாடகை பேசுமுன் கட்டடத்தின் அனுமதியைக் கண்ணால் காண வேண்டும்.

அமெரிக்காவில், ஒப்பந்தத்திற்கு 14 நாட்களேனும் முன்னதாக நிறுவனம் தன் விவரங்களை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. இந்தியாவில் இவ்வணிகத்திற்கெனத் தனிச்சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே அடிப்படை. ஆதலின் கேளாததை எவரும் வலியச் சொல்லார். அருகிலேயே மற்றொரு கிளை திறப்பார்களா? சரக்கை அவர்களிடமே வாங்க வேண்டுமா? இடையில் விலகினால் வைப்புத்தொகை திரும்புமா? காலம் முடிந்தபின் புதுப்பிக்க எவ்வளவு? இவற்றிற்கு எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். நன்றாக நடத்துவோரை நிறுவனமே காட்டும். கடையை மூடிவிட்டுப் போனவரைத் தேடிக் கண்டு கேட்பதே உண்மையான விசாரணை.

கணக்கு ஒத்துவந்தாலும் மற்றொரு வினா எஞ்சும். உணவுக்கடையாயின் பட்டியலில் என்ன விற்க வேண்டும் என்பதை நிறுவனமே முடிவு செய்யும். முட்டையும் ஊனும் வேண்டா என நீக்கும் உரிமை கடை நடத்துவோர்க்கு இராது. கொல்லாமையை நோன்பாகக் கொண்ட இல்லறத்தார் இதனைக் கையெழுத்திட்ட பின்னர் எண்ணி வருந்துவதினும், முன்னரே கேட்டு விலகுதல் நன்று. முழுதும் மரக்கறியே விற்கும் நிறுவனங்களும் உள.

பெயருக்கு விலை கொடுக்காத வழியும் அம்மலைக்கு உண்டு. விருப்பாச்சி வாழை, கொடைக்கானல் மலைப்பூண்டு, பழனிப் பஞ்சாமிர்தம் ஆகியன புவிசார் குறியீடு பெற்றவை. பின்னிரண்டும் 2019-இல் பெற்றன. அப்பெயர்கள் மண்ணுக்குரியவை, முறைப்படி பதிவுசெய்த உற்பத்தியாளர் அவற்றைப் பயன்படுத்தலாம். பூண்டும், தேன் கலந்த பஞ்சாமிர்தமும் விரதத்திற்கு ஒவ்வாதெனினும், வாழையும் அம்மலையில் விளையும் காப்பியும் பேரிக்காயும் ஒவ்வாதன அல்ல. சிறு முதலில், சொந்தப் பெயரில் ஒரு கடை தொடங்கினால், அதில் வளரும் நற்பெயராவது குடும்பத்தின் உடைமையாக நிற்கும்.

பெயருரிமை வணிகம் தீதன்று. கணக்கறிந்து இறங்கி வாழ்ந்தோரும் உளர். மழைக்காலக் கணக்கிலும் முதல் நிற்குமானால், பட்டியலும் மனச்சான்றுக்கு ஒத்ததானால், துணிந்து இறங்கலாம். இரண்டில் ஒன்று ஒவ்வாதாயினும், பணம் வங்கியிலேயே உறங்கட்டும். 505 காணம் வைத்தவர் தம் காலத்தை மட்டும் எண்ணி வைக்கவில்லை.