இரு பருவமழைகளின் முகட்டில்

அறக்கட்டளைச் சொற்பொழிவு

  மலையில் பிறக்கும் ஆறுகளையும், அவற்றை நம்பி வாழும் உயிர்களையும், மாறிவரும் காலநிலையையும் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1. ஒரு முகடு, இரண்டு ஆறுகள்

தேனி, இடுக்கி மாவட்டங்களின் எல்லையில் நிற்கிறது போடிமெட்டு. முகட்டுக்கு மேற்கே பெய்யும் மழை பன்னியாற்றில் சேர்ந்து, ஆனையிறங்கல், பொன்முடி அணைகளைக் கடந்து, முதிரப்புழை வழியாகப் பெரியாற்றுக்குப் போகிறது. கிழக்கே குரங்கணி மலைகளிலிருந்து இறங்கும் கொட்டகுடி ஆறு போடியைத் தொட்டு வைகைக்குப் போகிறது. மேற்குச் சரிவை வளர்ப்பது தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் கிழக்குச் சரிவு மழைமறைவில் கிடக்கும். அதற்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது.

இந்த உரையில் நான் வலியுறுத்த வருவது ஒன்றே. ஓடை உயிர்களுக்கு எவ்வளவு மழை பெய்கிறது என்பதைப் போலவே, எப்போது பெய்கிறது என்பதும் வாழ்வா சாவா என்ற கேள்வி. காலநிலை மாற்றம் முதலில் குலைப்பது அந்தக் காலக்கணக்கைத்தான்.

2. மழையைக் கேட்டு வெளிவரும் தவளை

போடிமெட்டு அடங்கிய இதே ஏலமலைப் பகுதியில், கட்டப்பனையிலிருந்து கிடைத்த ஊதாத் தவளையை 2003இல் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசூயும் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழும் இத்தவளை, பருவமழைக்கு முந்தைய மழையில் சில நாட்களுக்கு மட்டும் வெளியே வந்து, ஓடைப் பாறைக்குழிகளில் முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைகள் உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு, பாயும் நீரில் ஏறக்குறைய நூறு நாட்கள் வளர்கின்றன.

கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து இதன் உறவினம் ஒன்று 2017இல் விவரிக்கப்பட்டது. மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரைத் தாங்கிய அது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இனப்பெருக்கம் செய்கிறது. ஒரே மலைத்தொடரின் இரு பக்கங்களில் இரண்டு மழைகளுக்கு இரண்டு உயிர்கள் தங்களைப் பொருத்திக்கொண்டிருக்கின்றன.

முதல் மழை முன்னதாகவே கொட்டிவிட்டு மூன்று வாரம் வெயில் காய்ந்தால் குழிநீர் வற்றி முட்டைகள் அழியும். ஒரே இரவில் பேய்மழை பெய்தால் அவை அடித்துச் செல்லப்படும். கோடிக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஓர் உயிர்வழியை, தொடர்ந்து தவறும் சில பருவங்களே ஓர் ஓடையிலிருந்து துடைத்துவிட முடியும்.

2023இல் வெளியான உலக நீர்நில வாழ்விகள் மதிப்பீட்டின்படி, 41 விழுக்காடு இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன. 2004க்குப் பின் நிலை மோசமான இனங்களில் 39 விழுக்காட்டுக்கு முதன்மைக் காரணம் காலநிலை மாற்றமே.

3. வற்றலும் வெள்ளமும்

காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அரபிக்கடலும் சூடாகி வருகிறது. அதனால் பெய்யும்போது ஒரேயடியாகப் பெய்கிறது. இடையில் நீண்ட வறட்சி நிலவுகிறது.

2024 கோடையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பரவலாகக் கருகின. செடியைக் காப்பாற்ற ஓடையில் மோட்டார் வைத்து இறைப்பதைத் தவிர விவசாயிக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் மிஞ்சும் நீரோ குறைவு, சூடு அதிகம். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரையும் உயிர்வளி, 30 டிகிரியில் ஏழரையாகச் சுருங்குகிறது. தோட்டத்தில் அடித்த மருந்தும் கொஞ்ச நீரில் அடர்ந்து தங்குகிறது. மீனும் நண்டும் குறைந்தால், நண்டை நம்பி வாழும் சிறு நீர்நாய்க்கும் இரையில்லை.

வறட்சியின் மறுபக்கமான வெள்ளம் 2018 ஆகஸ்டில் தெரிந்தது. இடுக்கியின் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய அரப்பைமா போன்ற அயல் மீன்கள் கேரள ஆறுகளில் பிடிபட்டன. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவு 70 உயிர்களைக் கொண்டுபோனது; அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார். மனிதரையும் ஓடையையும் ஒரே சரிவுதான் தாக்குகிறது.

4. நம் கையில் இருப்பவை

வானத்தை நாம் திருத்த முடியாது. வானம் பொழிவதைத் தாங்கும் மண்ணைத் திருத்த முடியும். சோலைக்காடு மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, மாதக்கணக்கில் கசியவிடுகிறது. போடிமெட்டுக்கு அருகிலுள்ள மதிகெட்டான்சோலை 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர்தான். பன்னியாற்றின் துணையோடைகள் அங்கேதான் பிறக்கின்றன. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களின் ஓடைக்கரைகளில் நாட்டுமரங்கள் நின்றால் நீர் குளிர்ந்திருக்கும், மண் சரியாது. கரையை ஒட்டி மருந்தடிக்காமல் ஒரு பட்டையை விட்டுவைக்கலாம். ஓடையில் இறைக்கும் அளவுக்கு ஊர்க்கூட்டமே வரம்பு கட்டலாம். மழைநீரைத் தோட்டத்துக் குட்டைகளில் பருவத்திலேயே சேமித்தால், கோடையில் ஓடைக்கு அதன் பங்கு கிடைக்கும்.

இரு மாநில வனத்துறைகளும் கல்லூரிகளும் சேர்ந்து, முகட்டின் இருபுறமும் ஓடைகளின் நீர்மட்டத்தையும் வெப்பத்தையும் தவளைகள் கத்தத் தொடங்கும் நாளையும் ஆண்டுதோறும் பதிய வேண்டும். மாணவர்களே, இந்தப் பதிவேட்டை நீங்கள் தொடங்குங்கள். முதல் கோடைமழை விழும் நாளைக் குறிப்பதிலிருந்தே தொடங்கலாம். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. எந்த ஓடையில் எது எப்போது குறைகிறது என்று தெரிந்தால்தான், பெரியாற்றுக்கும் வைகைக்கும் தாயான இந்த மலைக்காக அரசிடமும் தோட்டக்காரரிடமும் நாம் உறுதியோடு வாதாட முடியும்.