மறைக்க வேண்டியது குறையை, அநீதியை அல்ல

 



2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். அச்சங்கிலிகள் அன்றிரவு மட்டும் பூட்டப்பட்டவை அல்ல. வந்து போவோர் கண்களுக்குப் பழகிப் போனவை. கண்ணுக்குப் பழகிய கொடுமை, கொடுமையாகவே தெரியாமல் போய்விடுகிறது.

அத்தகைய சங்கிலிகள் நம் வீடுகளில் இல்லையா? தள்ளாத வயதுத் தாய்க்கு நேரத்தில் உணவு கொடாதிருப்பது, படுக்கையில் கிடக்கும் தந்தையின் விரலைப் பிடித்துப் பத்திரத்தில் ரேகை பதிப்பது, மனநலம் குன்றிய சகோதரியை அறையில் பூட்டிவைப்பது, விதவை மாமியின் ஓய்வூதியத்தை வாங்கித் தானே செலவிடுவது – இவை யாவும் அநீதிகளே. அடுத்த வீட்டாருக்குத் தெரியும், உறவினருக்கும் தெரியும். ஆயினும், “குடும்ப மானம் போய்விடும்” என்று அனைவரும் வாய்மூடி இருக்கின்றனர்.

இதற்கு மார்க்கத்தையே ஆதாரம் காட்டுவோரும் உளர். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நபிமொழியல்லவா என்பர். ஆம், நபிமொழிதான். ஆனால் அது தன்னளவில் தவறிழைத்துவிட்ட ஒருவரின் குறையைப் பற்றியது. பிறர் மீது இழைக்கப்பட்டு வரும் அநீதியைப் பற்றியது அன்று. புறம் பேசுதலை வன்மையாகக் கண்டித்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், அது அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை எழுதும்போது, அநீதிக்குள்ளானவர் அதிகாரமுடையவரிடம் முறையிடுவதையே முதலாவதாகக் குறிப்பிடுகிறார்கள். அநீதி இழைப்பவனுக்கும் உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அது எவ்வாறு என்று தோழர்கள் வினவினர். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என நபியவர்கள் விளக்கினார்கள். அவ்வாறாயின் வாய்மூடி இருப்பவர் பாதிக்கப்பட்டவருக்கும் உதவவில்லை. கொடுமை செய்பவருக்கும் உதவவில்லை.

அன்புச் சகோதரர்களே! பலவீனரின் உரிமையைத் திருக்குர்ஆன் எத்துணை நுட்பமாகக் காக்கிறது என்று பாருங்கள். கடன் பத்திரம் எழுதும்போது கடன் பெற்றவர் அறிவுக் குறைவுடையவராகவோ பலவீனராகவோ இருப்பின், அவருடைய காப்பாளர் நீதியுடன் வாசகம் சொல்ல வேண்டும் என அல்பகரா அத்தியாயம் (2:282) கட்டளையிடுகிறது. அடுத்த வசனமோ சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குரியது என எச்சரிக்கிறது. காப்பாளர் நீதி தவறும்போது, கண்டவர்தாம் சாட்சி. பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்காகச் சாட்சி பகர வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் (4:135) கட்டளையாகும்.

நம் நாட்டுச் சட்டமும் இதையே கூறுகிறது. மனநோயாளி ஒருவர் அவரைப் பராமரிக்கும் பொறுப்பிலுள்ளவரால் கொடுமைப்படுத்தப்படுகிறார் அல்லது கைவிடப்படுகிறார் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கடமையாக்கியுள்ளது. எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை அச்சட்டம் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகள் துன்புறுத்தப்பட்டாலோ சுரண்டப்பட்டாலோ, நடக்கப்போவதாக அறிந்தாலும்கூட, நிர்வாக நடுவரிடம் எவரும் தகவல் தரலாம் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். குடும்பத்தில் பெண்கள் மீது நடக்கும் வன்முறையைப் பாதுகாப்பு அலுவலரிடம் நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவர் மீது எந்தச் சட்டப் பொறுப்பும் சாராது என 2005ஆம் ஆண்டுச் சட்டம் உறுதியளிக்கிறது.

“என் மகனைப் போலீஸ் பிடித்துவிடுமே” என்று அஞ்சும் தாய்மார்களே! 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி நீங்கள் ஜீவனாம்சம் கோருவது காவல் நிலையத்தில் அன்று. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில். சமரச அலுவலரைக் கொண்டு பேசித் தீர்க்கவும் அங்கே வழியுண்டு. இயலாதவருக்காக அவர் அனுமதித்த வேறொருவர் மனுச் செய்யலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரிக்கலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் உள்ளது.

எனினும் வரம்பு மீறாதீர்கள். செய்தியை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய பகையைத் தீர்க்கவோ, கைப்பேசியில் ஊரெங்கும் பரப்பவோ இதைக் கருவியாக்காதீர்கள். உரியவரிடம் மட்டும் சொல்லுங்கள். பல்லாண்டு தனியே பணிவிடை செய்து களைத்துப்போனவரின் சுமையில் பங்கேற்பதும் கொடுமையைத் தடுக்கும் வழியே. ஜமாஅத் நிர்வாகிகளே! அறிவுரை கூறுவது உங்கள் கடமை. ஆனால் அடியும் பட்டினியும் தொடரும் வீட்டில், “பேசி முடிப்போம்” என்று மாதங்களைக் கடத்துவது கொடுமைக்குத் தவணை கொடுப்பதாகும்.

வல்ல அல்லாஹ், நாம் கண்டதை மறைக்காமல், காணாததைச் சொல்லாமல், பலவீனரின் பக்கம் நிற்க நல்லுதவி புரிவானாக! ஆமீன்.