சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? வீட்டு வாசலிலிருந்து கணக்கு போடுவோம்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? கூகுள்ல தட்டினா ஒரு நொடியில பதில் வரும். ஆனா அந்தப் பதில் பாதிதான். மீதியை இன்னைக்குப் பேசுவோம்.

முதல்ல எண்கள். பூமி உருண்டை மேல ஒரு நூலை இழுத்துப் பிடிச்சு அளந்தா, திருச்சி–சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். திருச்சி–துபாய்? சுமார் 2,940. நம்ம ஊர் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட நடுவுல உட்கார்ந்திருக்கு! எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய நாலேகால் மணி நேரம்.

ஆனா டிக்கெட்டைப் பார்த்தா குழப்பமா இருக்கும். காலை 10 மணிக்குக் கிளம்பினா, சிங்கப்பூர்ல இறங்கும்போது அங்கே மாலை 4.45. துபாய்ல இறங்கினா மதியம் 12.45. டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர் கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னாடி. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொண்ணு. அந்த நாலேகால் மணி முழுக்கப் பறக்கிற நேரம் இல்லை. விமானம் நிற்கிற இடத்தைவிட்டு நகர்றதுலேர்ந்து, அங்கே போய் நிற்கிற வரைக்கும் உள்ள நேரம். உங்க வீட்டு வாசல் அந்தக் கணக்குல வரவே வராது.

வாசல் கணக்கு எப்போ முக்கியம் தெரியுமா? சிங்கப்பூர்ல இருக்கிற என் நண்பனுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வந்தது, நம்ம நேரம் அதிகாலை மூன்றரை. அப்பா தவறிட்டார். வீட்ல பெரியவங்க கேட்டது ஒரே கேள்வி: "பையன் எத்தனை மணிக்கு வருவான்? எப்போ எடுக்கலாம்?"

அன்னைக்கு நேர் விமானத்துல ஒரு சீட் இருந்தது. பதினொன்றே முக்காலுக்குத் திருச்சியில இறங்கினான். இமிகிரேஷன், டாக்ஸி, காவிரிப் பாலத்து நெரிசல் எல்லாம் தாண்டி, ஒன்றரைக்கு வீட்டு வாசல். சிங்கப்பூரிலிருந்து சென்னையும் கிட்டத்தட்ட இதே தூரம்தான். ஆனா அங்கே இறங்கியிருந்தா, அதுக்கப்புறம் காரில் ஆறு மணி நேரம். வீடு வந்து சேர இருட்டியிருக்கும். வரைபடத்துல வித்தியாசமே தெரியாது. அவனுக்கு அதுதான் எல்லாமே.

நம்ம தாத்தா காலத்துல நாகப்பட்டினத்துல 'ரஜூலா' கப்பல் ஏறினா சிங்கப்பூர் போக ஏறக்குறைய ஒரு வாரம். ஊர்லேர்ந்து தந்தி போகும். ஆள் வர முடியாது. பின்னாடி வந்த 'எம்.வி. சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடல்ல தீப்பிடிச்சது. பல உயிர்கள் போச்சு. அந்தப் பயணிகள் சேவையும் அதோட முடிஞ்சது. தூரம் அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான். மாறினது, நேரத்துக்கு வந்து சேர முடியுமாங்கிறது.

அதனால, வெளிநாட்டு வேலைக்கு ஆஃபர் வந்தா சம்பளத்தோட இதையும் பாருங்க. நேர் விமானம் இருக்கா? தினமும் இருக்கா? ராத்திரி கிளம்பினா எத்தனை மணிக்கு வீடு? சான் பிரான்சிஸ்கோன்னா விமானம் மாறி மாறி வரணும், ஒரு நாளைக்கு மேல ஆயிடும். போக வேண்டாம்னு சொல்லலை. தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

உங்க வாசல் கணக்கு எவ்வளவு வருது? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.