பின்களத்தில் நிற்கும் பெண்



உதைபந்தாட்டத்தைக் கண்ணாற் காணாது காதால் மட்டும் கேட்கிறவர்களுக்கு, அந்த ஆட்டத்திலே ஒரு சாரார் இருப்பதே தெரியாமற் போய்விடுகிறது. வானொலியிலே ஆட்டத்தை வருணிக்கிறவர் பந்து போகிற பக்கமே தாமும் போகிறார். கோல் போட்டவரின் பெயரை மூன்று முறை சொல்லுகிறார். கோல் விழாமல் தடுத்தவரின் பெயரை ஒரு முறை சொன்னாற் சொன்னார், இல்லையேல் இல்லை. பின்களத்திலே நிற்பவர் செய்வது, நடக்கவிருந்த ஒன்றை நடவாமற் செய்கிற வேலை. நடவாத ஒன்றுக்கு யார் கணக்கு வைப்பார்? எங்கள் தோப்பூர்ப் பக்கத்து வயல்களிலே பரண் கட்டி யானைக்குக் காவல் இருக்கிறவனுக்கு, யானை வராத இரவுகளில் ஒருவரும் நன்றி சொல்வதில்லை.

அத்தகைய காவலில் நின்ற ஓர் இளம் பெண்ணைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன். அவர் பெயர் அஸ்டம் ஒராவோன். 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே இந்தியாவில் நடைபெற்ற, 17 வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலகக் கிண்ணப் போட்டியில் இந்திய அணியின் தலைவியாக இருந்தவர். ஒராவோன் என்பது வட இந்தியக் காட்டு நாட்டிலே வாழும் ஒரு பழங்குடியின் பெயர். அம்மக்களின் பரம்பரை மொழியான குருக், திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே நமது தமிழுக்கு அது தூரத்து உறவு முறை.

அவருடைய ஊர் ஜார்க்கண்ட் மாநிலத்துக் கும்லா மாவட்டத்திலே கோராடோலி என்னும் சிற்றூர். உலகக் கிண்ண அணிக்கு அவர் தலைவியாகத் தெரிவானதை அடுத்து, அவ்வூருக்கு அவரைக் கௌரவித்து ஒரு வீதி போடும் வேலை நடந்தது. அந்த வேலையிலே நாட்கூலிக்குச் சேர்ந்தவர்களில் அவருடைய தாயும் தந்தையும் இருந்தார்கள். நாளொன்றுக்குக் கூலி 250 ரூபாய். மகளின் பேரால் வருகிற வீதிக்குப் பெற்றோரே கூலியாட்கள்! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி இல்லை என்பதும் அப்போதுதான் வெளியே தெரிய வந்தது. மகளின் ஆட்டத்தைப் பார்க்கட்டும் என்று நிருவாகத்தார் ஒன்றைக் கொடுத்தார்கள்.

இந்தச் செய்தியைப் படித்துக் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. வெட்கம் என்று கோபித்தவர்களும் உண்டு. எனக்கு அதில் உறுத்தியது வேறொன்று. கூலி வேலை செய்து பிழைப்பதிலே இழிவு ஒன்றுமில்லை. வேலை வாசலுக்கு வந்தது, செய்தார்கள். ஆனால் வீதி முதலில் வந்து, அதன் வழியே பிள்ளை வெளியே போவதன்றோ முறை? இங்கே பிள்ளை முதலிற் போய், பிறகு வீதியை ஊருக்கு அழைத்து வந்தாள்.

இதை விளங்கிக்கொள்ள நமது பகுதியார்க்கு அதிக விளக்கம் வேண்டியதில்லை. வேறிடங்களிலே 'பாதை' என்றால் நடக்கிற வழி. நமக்கோ அது ஆளையும் வண்டியையும் ஏற்றித் தண்ணீரைக் கடத்துகிற மிதவை. கொட்டியாரக் குடாவைச் சுற்றித் திருகோணமலைக்குப் போக வேண்டியவர்கள் அந்தப் பாதைக்காகக் கரையிலே காத்திருந்த காலத்தை மறந்துவிடவில்லை. கிண்ணியாவிலே 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது 2009ஆம் ஆண்டு ஒக்டோபரிலேதான். அதற்கு முன்னே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நகரத்து மைதானத்துக்கு ஒரு பந்தயத்துக்கு அழைத்துச் செல்வதென்றால், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம், பிரயாணத்துக்கு ஒரு பகல்.

அப்படியானால், வீதியில்லாத ஊரிலிருந்து அஸ்டம் எப்படிப் போனார்? விடுதியொன்றின் வழியாகப் போனார். ஹசாரிபாக் நகரிலே சிறுமிகள் தங்கிப் பயிலுகிற உதைபந்தாட்டப் பயிற்சி நிலையம் உண்டு. அங்கே உண்டு, அங்கே உறங்கி, ஒத்த வயதுப் பெண்களுடன் நாள்தோறும் ஆடிப் பழகினார். அந்த உலகக் கிண்ணத்துக்குத் தெரிவான 21 பேரில் அறுவர் ஜார்க்கண்டைச் சேர்ந்தவர்கள். ஓர் ஏழை மாநிலம் அணியின் கால் பங்குக்கு மேல் கொடுத்ததை வெறும் இரத்த வலிமை என்று சொல்லித் தட்டிக் கழிக்கக் கூடாது.

இங்கே ஆட்டத்தின் நுட்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்களத்து வீரராக வர விரும்புகிறவர், தனியே ஒரு சுவரைத் துணை கொண்டும் ஓரளவு பழகிவிடலாம். பந்தைச் சுவரில் அடிப்பார், திரும்பி வரும், மீண்டும் அடிப்பார். பின்களத்துக்கு அது போதாது. அங்கே பெரும்பாலும் நால்வர் ஒரு வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தி முன்னேறினால் மற்ற மூவரும் உடன் நகர வேண்டும். ஒருத்தி அரை அடி பிந்தினாலும் எதிரணியாள் 'ஓஃப்சைட்' ஆகாமல் உள்ளே புகுந்துவிடுவாள். பக்கத்தில் நிற்பவளின் மூச்சும் நடையும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தனித்த ஒரு சிறுமியை, அவள் எவ்வளவு கெட்டிக்காரியாயினும், பின்கள வீராங்கனையாக ஆக்க இயலாது. முதலில் ஓர் அணி வேண்டும்.

அப்போட்டி நடக்குமா என்பதே ஒரு கட்டத்திலே ஐயமாயிற்று. முதலில் 2020இல் நடக்கவிருந்ததைப் பெருந்தொற்று குலைத்தது. பிறகு 2022 ஓகஸ்ட் 15ஆந் தேதி, வெளியார் தலையீட்டைக் காரணங் காட்டி உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இந்தியச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. பெரியவர்களின் நாற்காலிச் சண்டையிலே சிறுமிகளின் உலகக் கிண்ணம் கைநழுவ இருந்தது. நல்ல வேளையாகப் பதினொரு நாளில் தடை நீங்கிற்று.

ஒக்டோபர் 11ஆந் தேதி புவனேஸ்வரம் கலிங்கா விளையாட்டரங்கிலே இந்தியா ஐக்கிய அமெரிக்காவை எதிர்த்தது. எட்டுக் கோல் வாங்கித் தோற்றது. 17ஆந் தேதி பிரேசிலிடம் ஐந்து. இடையிலே 14ஆந் தேதி மொரோக்கோவிடம் மூன்று. மொத்தம் பதினாறு. இந்தியா போட்டது ஒன்றுமில்லை. இதை மறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் மொரோக்கோவுடனான ஆட்டத்தைச் சற்று நிதானித்துப் பாருங்கள். முதற்பாதி முழுவதும் கோல் விழவில்லை. எட்டுக் கோல் வாங்கிய மூன்றாம் நாள், சொந்த நாட்டுச் சனங்களின் முன்னிலையிலே, அதே வலைக்கு முன் வந்து நின்று 45 நிமிடம் காத்தார்கள். விழுந்த மூன்றும் இடைவேளைக்குப் பிறகே விழுந்தன. தலைவியும் பின்கள வீராங்கனையும் ஒருவரே ஆகையால், விழுந்த கோல்கள் அவர் கணக்கில் வருமென்றால், அந்த 45 நிமிடமும் அவர் கணக்கில் வரவேண்டும்.

எட்டுக் கோலுக்குப் பின்னால் ஒரு சரித்திரமும் இருக்கிறது. அரசாங்கப் பணம் பெறுகிற கல்விக்கூடங்கள் பெண்களைப் பாகுபடுத்தலாகாது என்று அமெரிக்காவிலே 1972இல் ஒரு சட்டம் வந்தது. விளையாட்டும் அதனுள் அடங்கிற்று. பாடசாலைதோறும் பெண்களுக்கு அணிகள் தோன்றின. கோராடோலிச் சிறுமி எதிர்த்து நின்றது பதினொரு சிறுமிகளை மட்டுமன்று, அந்த ஐம்பது ஆண்டுகளையும்.

இங்கிலாந்தின் கதை இன்னும் விசித்திரமானது. உதைபந்தாட்டத்துக்கு விதி எழுதிய நாடு அது. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி, பிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்களின் அணி லிவர்பூலிலே ஆடியபோது 53,000 பேர் பார்க்க வந்தார்கள். மறு ஆண்டு டிசம்பரிலே, இந்த ஆட்டம் பெண்களுக்குத் தகாது என்று ஆங்கிலச் சம்மேளனம் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்தக் கதவு திறக்கவில்லை. திறந்தபின் என்ன ஆயிற்று என்பதற்கும் ஒரு பின்கள வீராங்கனையே சாட்சி. லியா வில்லியம்சன் 1997இல் பிறந்தவர். ஒன்பது வயதிலே ஆர்சனல் கழகத்தின் சிறுமியர் பயிற்சியிற் சேர்ந்தவர். 2015 ஏப்ரலிலே, 19 வயதுக்குட்பட்டோர் அணிக்காக நோர்வேக்கு எதிராகக் கடைசி நேரத்தில் அவர் அடித்த தண்டனை உதையை மத்தியஸ்தர் தவறான விதி சொல்லி இரத்துச் செய்துவிட்டார். சில நாட்கள் கழித்து இரு அணிகளும் திரும்பி வந்து, எஞ்சியிருந்த பதினெட்டு விநாடியை மட்டும் ஆடின. வில்லியம்சன் மீண்டும் அடித்தார். பந்து வலைக்குள் போயிற்று. 2022 ஜூலை 31ஆந் தேதி வெம்பிளி அரங்கிலே 87,192 பேர் பார்த்திருக்க, ஐரோப்பியக் கிண்ணத்தைக் கையில் ஏந்திய ஆங்கில அணியின் தலைவி அவரே. புவனேஸ்வரத்து ஆட்டங்கள் நடந்தது அதற்குப் பத்து வாரம் கழித்து.

மொரோக்கோவைக் குறிப்பிட்டேன் அல்லவா? அந்நாட்டின் மூத்தோர் அணியைச் சேர்ந்த நுஹைலா பென்ஸினாவும் பின்களத்தவரே. 2023 ஜூலை 30ஆந் தேதி அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிலே, தென் கொரியாவுக்கு எதிராக, தலையை மறைத்த ஹிஜாபுடன் களமிறங்கினார். மூத்தோர் மகளிர் உலகக் கிண்ணத்திலே அவ்வாறு ஆடிய முதற் பெண் அவர். அன்று மொரோக்கோ 1–0 என வென்றது. 2011இலே இதே தலைமறைப்பின் காரணமாக ஈரானிய மகளிர் அணி ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது. 2014இலேதான் விதி திருத்தப்பட்டது. தோப்பூர், மூதூர், கிண்ணியாத் தாய்மார் 'உடுப்பு எப்படி?' என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு இன்று விதிப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது.

தமிழ் பேசும் பெண்களுக்கு இந்த ஆட்டம் அந்நியமும் அன்று. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018 பெப்ரவரியிலே கட்டாக் நகரில், பலமுறை வாகை சூடிய மணிப்பூரை 2–1 என வென்று முதன்முறையாக இந்தியத் தேசியப் பட்டத்தைப் பெற்றது. நமது நாட்டிலே தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளிலே வென்று காட்டியிருக்கிறார்கள். போரையும் இடப்பெயர்வையும் கண்ட ஊரிலிருந்தே அவர்கள் வந்தார்கள்.

அஸ்டம் ஒராவோன் அந்த மூன்று தோல்விகளோடு முடிந்துபோகவில்லை. பின்னர் நாட்டின் மூத்தோர் அணிக்கும் அழைக்கப்பட்டார்.

எங்கள் பக்கத்திலே அறுவடை முடிந்த வயலிலே மாலை வேளைகளில் பையன்கள் பந்தடிப்பதைக் காணலாம். வரம்போரத்திலே நின்று பார்க்கிற சிறுமிகளும் உண்டு. அவர்களுக்கு நால்வர் சேர்ந்த ஒரு வரிசையும், பாடசாலை விட்டபின் ஒரு மணி நேரம் தங்கக்கூடிய ஓர் ஆசிரியையும், பொழுது பட்டபின் வீடு திரும்புகிற வீதியிலே வெளிச்சமும் வேண்டும். பந்து ஏற்கெனவே இருக்கிறது. அண்ணன்மாரிடம் கேட்டு வாங்க வேண்டும்.