கணினியில் உங்கள் குடும்பக் கோவை: பிழை வந்தால் என்ன செய்வது?

(மீளக்குடியமரும் குடும்பங்களுக்காகக் கல்லடியில் நடைபெற்ற தகவல் கூட்டத்தில் எமது தொடர்பாடல் உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வீடு எப்போது வரும், வாழ்வாதார உதவி எப்போது வரும் என்பதுதான் உங்கள் எல்லோருடைய கேள்வியும் என்று எனக்குத் தெரியும். நான் இன்று பேசப்போவது அதற்கு முன்னால் கடக்க வேண்டிய ஒரு படியைப் பற்றி. அதுதான் கணினியில் இருக்கிற உங்கள் குடும்பக் கோவை. அதில் ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ பிழைத்தால், தகுதி இருந்தும் பட்டியலில் பெயர் வராமல் போகலாம். அப்போது "எங்களை வெட்டிப்போட்டார்கள்" என்று மனம் உடைந்து திரும்பிப் போய்விடாதீர்கள். யாரும் வெட்டாமலே, கோவை தேடிப் பிடிக்க முடியாத ஓர் இடத்தில் கிடக்கலாம். அதை வெளியில் எடுக்க வழி இருக்கிறது.

நான் படித்தது கலைத்துறை, கணினிப் பொறியியல் இல்லை. ஆகவே உங்களுக்கு விளங்குகிற பாஷையில்தான் எனக்கும் சொல்லத் தெரியும்.

இந்தக் கரையோரத்தில் பதிவு என்பது புதிதல்ல. 1990 இல் ஓடியவர்கள் பதிந்தார்கள். 2004 மார்கழி 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பதிந்தார்கள். 2006, 2007 இல் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் பதிந்தார்கள். கடதாசிப் பதிவேடு வெள்ளத்தில் நனையும், இடம் மாறும்போது தொலையும். அதனால்தான் உலகம் முழுவதும் இந்த வேலை கணினிக்கு மாறியது. ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் 2000 களின் முற்பகுதியிலிருந்தே அகதிகளைப் பதிவதற்கு ஒரு மென்பொருளைப் பல நாடுகளில் பயன்படுத்தி வருகிறது. கணினிக் கோவை நனையாது. ஆனால் அதில் விழுந்த பிழையும் தானாக அழியாது. ஒரு பட்டியலிலிருந்து அடுத்த பட்டியலுக்குப் பிழையும் சேர்ந்தே போகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேண்டுகோள். பெயர் இல்லை என்றவுடன் இன்னொரு தரம் புதிதாகப் பதிய வேண்டாம். ஒரே குடும்பத்துக்கு இரண்டு கோவை இருந்தால் மென்பொருள் அதை இரட்டைப் பதிவு என்று காட்டும். எது சரி என்று தெரியும்வரை இரண்டையுமே நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஏற்கனவே இரண்டு தரம் பதிந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அது குற்றமல்ல. "ஒன்றை அழியுங்கள்" என்று கேட்காமல், "இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்" என்று கேளுங்கள். அழித்தால், ஒன்றில் மட்டும் பதிந்திருந்த பிள்ளையின் பெயரும் அதோடு போய்விடும்.

தேடினால் பெயர் வரவில்லை

இதற்கு மூன்று காரணங்கள் அடிக்கடி வரும்.

முதலாவது, பதிவு இன்னும் டெப்பிலேயே இருக்கலாம். வீடு வீடாக வந்து டெப்பில் பதிகிறபோது அந்த விபரம் உடனே அலுவலகத்துக்குப் போவதில்லை. சிக்னல் குறைந்த இடமென்றால் அது அந்த டெப்பிலேயே தங்கி நிற்கும். பிறகு இணையத் தொடர்பு கிடைக்கிற இடத்தில் வைத்து அனுப்பினால்தான் அலுவலகக் கணினிக்கு வரும். ஆகவே என்றைக்கு, எந்த இடத்தில், யார் பதிந்தார் என்று சொல்லுங்கள். அந்த டெப்பைத் தேடி எடுத்து அனுப்பிவிடலாம். அனுப்புவதற்கு முன் அந்த மென்பொருளை டெப்பிலிருந்து நீக்கினால் பதிவு அழிந்துபோகலாம். அதனால் இதைத் தாமதிக்காமல் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பெயரின் எழுத்து. தமிழில் தவமணி என்றால் ஒரே தவமணிதான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் முதலில் ரீ, எச் இரண்டும் போடுவார், இன்னொருவர் ரீ மட்டும் போடுவார். கடைசியில் ஒருவர் ஐ போடுவார், இன்னொருவர் வை போடுவார். ஒரு பெயர் நாலு பெயராகிவிட்டது. முதலெழுத்தும் அப்படித்தான். ஓர் இடத்தில் தகப்பன் பெயரின் எழுத்து முன்னால் நிற்கும். இன்னோர் இடத்தில் தகப்பன் பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும். கல்யாணம் முடித்த பெண்ணுக்கு ஒரு கடதாசியில் தகப்பனின் எழுத்து, இன்னொன்றில் கணவனின் எழுத்து. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியவர்களின் கடதாசிகளில் எழுத்து இன்னும் வேறுபடலாம். இதற்குப் பரிகாரம், "பெயரால் தேடாமல் இலக்கத்தால் தேடுங்கள்" என்று கேட்பது. அடையாள அட்டை இலக்கம், பதிந்தபோது கொடுத்த தொலைபேசி இலக்கம், பதிவுத் துண்டின் இலக்கம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

மூன்றாவது, அந்த அடையாள அட்டை இலக்கமே இரண்டு விதமாக இருப்பது. பழைய அட்டையில் 9 எண்களும், கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 இலிருந்து வழங்கப்படும் புதிய அட்டையில் 12 எண்கள் இருக்கும், எழுத்து இல்லை. ஆள் ஒருவர்தான், ஆனால் கணினிக்கு இரண்டு பேர். பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்றுவது சுலபம். முன்னால் 19 சேர்க்க வேண்டும். பழைய இலக்கத்தின் முதல் 5 எண்களுக்குப் பின் ஒரு பூச்சியம் சேர்க்க வேண்டும். கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். பழைய அட்டையின் பிரதி இருந்தால் புதிய அட்டையோடு அதையும் கொண்டு வாருங்கள், இரண்டு இலக்கத்தாலும் தேடலாம்.

பிறந்த திகதியும் பாலும்

அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே உங்கள் பிறந்த வருடம் இருக்கிறது. அதற்கு அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். அதனால் பெண்ணை ஆண் என்று பதிந்திருந்தாலோ, பிறந்த திகதி மாறியிருந்தாலோ, மென்பொருள் இலக்கம் பொருந்தவில்லை என்று காட்டக்கூடும். அப்போது "உங்கள் அட்டை பிழை" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். முதலில் பால், பிறந்த திகதி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திகதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாங்கள் நாளை முதலிலும் மாதத்தை இரண்டாவதாகவும் எழுதுகிறோம். சில மென்பொருட்கள் அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் எடுக்கும். 05/09 என்று எழுதினால் எங்களுக்குப் புரட்டாதி (செப்டெம்பர்) 5, அதற்கு மே 9. பெரியவர்களுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வயதைப் பார்த்துத்தான் போசாக்கு உதவி, பாலர் பாடசாலை எல்லாம் தீர்மானிக்கப்படும். ஆகவே பிள்ளைகளின் திகதியைச் சொல்லும்போது மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டும்போதும் மாதத்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

இலக்கங்கள் உருமாறுவது

கோவையில் சரியாக இருக்கும், வங்கிக்கு அனுப்புகிற பட்டியலில் பிழைத்துவிடும். கோவையிலிருந்து விபரத்தை எடுத்து அட்டவணையில் போடும்போது, கணினி அதைக் கணக்குப் பார்க்கிற எண் என்று நினைத்துக்கொள்கிறது. முன்னால் நிற்கிற பூச்சியத்துக்குக் கணக்கில் பெறுமதி இல்லையென்று அதைத் தூக்கிவிடும். 065 என்று தொடங்குகிற எங்கள் மட்டக்களப்புத் தொலைபேசி இலக்கம் 65 ஆகிவிடும். பூச்சியத்தில் தொடங்குகிற வங்கிக் கணக்கிலக்கம் ஓர் எண் குறைந்துபோகும், காசு திரும்பிவிடும். 12 எண் அடையாள அட்டை இலக்கம் நீளம் என்று சுருக்கி, நடுவில் ஒரு புள்ளியும் ஓர் ஆங்கில எழுத்துமாகக் காட்டும்.

இதைத் திருத்துவது உத்தியோகத்தரின் வேலை. அந்த நிரலை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்துவிட்டு இலக்கத்தைத் திரும்பப் போட வேண்டும். உங்கள் வேலை, வங்கிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலில் உள்ள கணக்கிலக்கத்தை எண் எண்ணாக ஒப்பிடுவது. காசு திரும்பிய பிறகு கண்டுபிடித்தால் மாதக்கணக்கில் இழுபடலாம்.

தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து குப்பையாகத் தெரிந்தாலும் கோவை அழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கும். அதை யுனிகோட்டுக்கு மாற்றினால் பெயர் பழையபடி வரும்.

எந்த ஊர், எந்தப் பிரிவு

"ஊர் கல்லடி" என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்லடி, கல்லடி உப்போடை, கல்லடி வேலூர், கல்லடி முகத்துவாரம் என்று இந்தப் பெயரில் தொடங்கும் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளே பல உண்டு. பிரிவு மாறினால் கோவை வேறொரு பட்டியலுக்குப் போய்விடும். கோவையில் முன்பு இருந்த இடம், இப்போது இருக்கும் இடம், திரும்பிப் போகும் இடம் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். நாவலடியில் இருந்து ஆழிப்பேரலைக்குப் பிறகு திராய்மடுவுக்குப் போன குடும்பத்துக்கும், இப்போது சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிற குடும்பத்துக்கும் இது முக்கியம்.

யார் குடும்பத் தலைவர், யாருடைய காணி

இனி நான் சொல்லப்போவதைப் பெண்கள் கவனமாகக் கேளுங்கள். ஆண்களும் கேட்க வேண்டும்.

எங்கள் பகுதியில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு வளவு மகளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு பெட்டி இருந்தால் அதில் கணவனின் பெயர் தானாக விழுந்துவிடுகிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்கில் கட்டிக்கொடுத்த வீடுகளில் பல இந்த வழியாகவே ஆண்களின் பெயருக்குப் போயின. தாய் மகளுக்குக் கொடுத்த வீடு கடலோடு போனது. அதற்குப் பதிலாக வந்த வீடு கணவன் பெயரில் வந்தது.

குடும்பத் தலைவர் வேறு, காணி உரிமையாளர் வேறு. உறுதியிலோ அனுமதிப்பத்திரத்திலோ யாருடைய பெயர் இருக்கிறதோ, அவருடைய பெயரே உரிமையாளர் என்ற இடத்தில் வர வேண்டும். அப்படி ஓர் இடம் மென்பொருளில் இல்லையென்றால் குறிப்புப் பகுதியில் எழுதுவியுங்கள். உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய 1998 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வழிகாட்டிக் கோட்பாடுகளில் 20 ஆவது கோட்பாடு, ஆவணங்களைத் தம் சொந்தப் பெயரில் பெறும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்று சொல்கிறது. இதைச் சொல்லிக் கேளுங்கள்.

கணவர் காணாமற்போன அம்மாமாருக்கு இன்னொரு விடயம். படிவத்தில் "மணமானவர்", "விதவை" என்று இரண்டு தெரிவுதான் இருந்தாலும், உங்களுக்கு மனமில்லாத ஒன்றைத் தெரிவு செய்ய யாரும் உங்களை நெருக்கக் கூடாது. காணாமற்போன ஒருவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்காமல், அவர் காணக்கிடைக்கவில்லை என்று சான்றிதழ் பெற 2016 ஆம் ஆண்டிலிருந்து இலங்கைச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதைச் சொல்லி, "கணவர் காணாமற்போயுள்ளார்" என்று குறிப்பில் பதிவியுங்கள்.

திருத்தப் போகும்போது

அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணிக் கடதாசி, பழைய பதிவுத் துண்டு, இவற்றில் இருப்பதைக் கொண்டு வாருங்கள். எல்லாம் இல்லையென்று வராமல் இருக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழிலேயே பிழையென்றால் அதைக் கணினியில் மட்டும் மாற்றிப் பயனில்லை. மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பகுதியில் கேட்க வேண்டும். அடையாள அட்டை என்றால் கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும்.

அலுவலகத்தில் மூன்று விடயம் கேளுங்கள். ஒன்று, "என் கோவையைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்." இரண்டு, "இப்போது எந்த நிலையில் இருக்கிறது?" நிலுவை என்றால் மறுப்பு அல்ல, ஏதோ ஒன்று குறைகிறது என்று அர்த்தம். என்ன குறைகிறது என்று கேளுங்கள். மூன்று, "என்ன திருத்தினீர்கள் என்று திகதி போட்டு ஒரு துண்டு தாருங்கள்." எழுத வாசிக்கத் தெரியாத மூத்தவர்களோடு பிள்ளைகளில் ஒருவர் கூட வரட்டும்.

பதிவதற்கும் திருத்துவதற்கும் காசு இல்லை. வங்கி அட்டையின் இரகசிய இலக்கமோ, தொலைபேசிக்கு வருகிற குறுஞ்செய்தி இலக்கமோ யாருக்கும் தேவையில்லை, கொடுக்க வேண்டாம். உங்கள் துண்டையோ அடையாள அட்டையையோ படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய விபரத்தைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கேட்கவும் ஒருவருக்குள்ள உரிமையை எழுதி வைத்திருக்கிறது. ஆகவே கோவையைக் காட்டச் சொல்வது சண்டித்தனம் இல்லை.

உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு என்ன பெயர், எது உங்கள் வளவு என்பது எந்தக் கணினியையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிழையை முதலில் காணக்கூடியவர்களும் நீங்கள்தான். பின்னால் மேசையில் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வயதானவர்களும் கைக்குழந்தையோடு வந்தவர்களும் முதலில் போங்கள். உங்கள் கோவையை ஒருதரம் வாசித்துக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.