அயல்நாட்டில் ஒரு வாடகை வீடு

    

பணியின் பொருட்டு ஜெர்மனி நாட்டுக்குச் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியவர்கள் என்னும் முறையில் எங்களைப் பேசப் பணித்திருக்கிறீர்கள். விசாவைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அங்கே நீண்டகாலம் குடியிருக்க ஒரு வீட்டைத் தேடிக்கொள்வது எப்படி என்பதை மட்டுமே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வீடு என்பது நம் மக்களுக்குச் சிறிய செய்தி அன்று. அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கிலும் இலண்டனிலும் கற்றுத் தேர்ந்து, 1917ஆம் ஆண்டு பரோடா சமஸ்தானத்தில் பணியேற்க வந்தார். அந்நகரில் அவருக்கு வீடு கொடுப்பார் ஒருவரும் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரோடு தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் ஒன்று வந்து அவரை வெளியேற்றியது. கடல் கடந்த நாட்டில் கிடைத்த அறை சொந்த நாட்டில் கிடைக்கவில்லை. பின்னர் 1921, 1922ஆம் ஆண்டுகளில் இலண்டனில் அவர் குடியிருந்த கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டை மகாராட்டிர அரசு 2015இல் விலைக்கு வாங்கி நினைவில்லம் ஆக்கியது.

இவ்வரலாறு நம் பிள்ளைகளின் நெஞ்சில் இருக்கிறது. ஆகவே அயல்நாட்டில் ஒரு வீட்டுக்காரர் மறுமொழி அனுப்பாவிட்டாலும், நம்மை இன்னாரென்று கண்டே ஒதுக்கிவிட்டார்கள் என்று உள்ளுக்குள் சுருங்கிப்போகிறார்கள். அது சில வேளைகளில் உண்மையே. பல வேளைகளிலோ, ஒரு தாள் குறைந்திருந்ததே காரணமாக இருக்கும். இது எந்த மறுப்பு என்று பிரித்தறிய வேண்டுமானால், அந்நாட்டின் வாடகை முறை தெரிந்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டிலேயே வாழ்கிறார்கள். மியூனிக், பெர்லின் போன்ற பெருநகரங்களில் ஒரு வீடு காலியானால் நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். வீட்டுக்காரர் அத்தனை பேரையும் நேரில் காண்பதில்லை, தாள்களைத்தான் காண்கிறார். வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடவுச்சீட்டின் படி, முந்தைய வீட்டில் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம், இவற்றோடு ஷூஃபா என்ற நிறுவனத்தின் சான்று. கடனையும் கட்டணத்தையும் ஒருவர் ஒழுங்காகச் செலுத்துகிறவரா என்பதைக் காட்டும் சான்று அது. புதிதாக வந்து இறங்கியவருக்கு அங்கே கணக்கு வழக்கு என்று எதுவுமே இல்லை. ஷூஃபா என்ன சொல்லும்? வேலை கொடுத்த நிறுவனத்திடம் சம்பளத்தையும் பணிக்காலத்தையும் குறித்து ஒரு கடிதம் வாங்கி, வங்கிக் கணக்கின் இருப்போடு சேர்த்து முதல் விண்ணப்பத்திலேயே வைத்துவிட வேண்டும். கேட்ட பிறகு தேடுகிறவருக்கு வீடு கிடைப்பதில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். 2015 நவம்பர் முதல், வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதித்தாளும் அதற்கு வேண்டும். பதிவு செய்தால்தான் வரி எண் அஞ்சலில் வரும்; அது வாராவிட்டால் சம்பளத்தில் கூடுதலாக வரி பிடிக்க நேரிடும். வீடு இருந்தால்தான் பதிவு; சம்பளச் சீட்டு இருந்தால்தான் வீடு. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, முதல் சில மாதங்களுக்குத் தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய தற்காலிக அறை ஒன்றில் தங்குவதுதான். வாடகை அதிகம், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பணம் கட்டுமுன், இம்முகவரியில் பதிவு செய்துகொள்ளலாமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெறுங்கள். முடியாது என்பவரின் அறை எத்துணை மலிவாயினும் வேண்டா. பதிவு செய்தபின் கதவருகிலும் அஞ்சல் பெட்டியிலும் உங்கள் பெயரை ஒட்டிவையுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போடமாட்டார். வரி எண் வந்த வழியே திரும்பிவிடும்.

வாடகையில் குளிர் வாடகை, சூட்டு வாடகை என இரண்டு உண்டு. முதலாவது வெறும் வீட்டுக்கு. இரண்டாவது, வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை முதலிய செலவுகளையும் சேர்த்தது. மின்சாரம் பெரும்பாலும் தனி. இச்செலவுகளுக்கு ஆண்டுக்கொருமுறை கணக்குப் பார்ப்பார்கள்; குளிர்காலம் கடுமையாயிருந்தால் மேலும் கட்டவேண்டி வரும். பிணைத்தொகை மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேற்படக் கூடாது என்றும், அதை மூன்று தவணையாகக் கட்டலாம் என்றும் சட்டம் சொல்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்சு கொடுத்துப் பழகிய குடும்பங்களுக்கு இது வியப்பாக இருக்கும். தரகர் கூலியும் 2015 ஜூன் முதல், தரகரை அமர்த்தியவர் பொறுப்பு. இன்னொரு வியப்பு, சமையலறை. பல வீடுகளில் அடுப்போ தொட்டியோ அலமாரியோ இராது. சுவரும் குழாயும் மட்டுமே. முன்பு குடியிருந்தவர் தம் சமையலறையை விலைக்குத் தருவார், அல்லது கழற்றிக்கொண்டு போவார்!

ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள். நகர நடுவில் அழகிய வீடு, பாதி வாடகை. வீட்டுக்காரர் வேறொரு நாட்டில் இருக்கிறாராம், பணம் அனுப்பினால் சாவி அஞ்சலில் வருமாம். ஊரிலிருந்தே வீட்டை முடித்துவிடத் துடிக்கும் இளைஞர்கள்தாம் இவ்வலையில் விழுகிறார்கள். வீட்டைப் பாராமல், ஒப்பந்தம் கையில் இல்லாமல், பிணைத்தொகை அனுப்பாதீர்கள்.

இனி, நம்மவர் தரும் அறைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மொழி புரியாத ஊரில், நம் நாட்டவர் பகிர்ந்து வாழும் வீடே பாதுகாப்பு என்று தோன்றும். அப்படிப்பட்ட வீடு ஒன்றின் வாயிலில் எங்களிடம் சம்பளச் சீட்டைக் கேட்கவில்லை. எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்றுதான் கேட்டார்கள். அறை நேற்றே போய்விட்டது என்று இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. அதே அறைக்கான விளம்பரமோ அடுத்த வாரமும் இருந்தது. இத்தகைய கேள்விகளுக்குப் பொய்ப்பெயர் சொல்லி ஒண்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. ஓர் ஆண்டு முழுதும் நடிப்பதைக் காட்டிலும், பல நாட்டு மாணவரும் தொழிலாளரும் சேர்ந்து வாழும் பகிர்வு வீடுகளைத் தேடலாம். அங்கும் நேர்காணல் உண்டு. பாத்திரம் கழுவுவீரா, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் செய்வீரா என்று கேட்பார்கள். இவை விடை சொல்லக்கூடிய கேள்விகள்.

ஜெர்மானியர் மறுப்பதிலும் நிறவேறுபாடு உண்டு; அதை மறைப்பதற்கில்லை. 2006ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், இனத்தையும் பூர்விகத்தையும் சமயத்தையும் காரணமாக்கி வீடு மறுப்பதைத் தடைசெய்கிறது. சில விலக்குகள் மட்டும் உண்டு. முறையிட விரும்புவோர் இரண்டு மாதங்களுக்குள் உரிமை கோரவேண்டும். கூட்டரசின் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலகம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. ஆனால் அச்சட்டம் எண்ணிச் சொல்லும் காரணங்களில் சாதி என்ற சொல் இல்லை. நம்மவர் கதவடைப்பதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் இன்னும் பெயரே வைக்கவில்லை. சட்டம் பயிலும் நம் இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியது கால அளவு. காலவரையற்ற ஒப்பந்தமே குடியிருப்பவருக்குக் காவல். தக்க காரணமின்றி வெளியேற்ற முடியாது. குடியிருப்பவர் மூன்று மாத முன்னறிவிப்புத் தந்து விலகலாம், அதுவும் தாளில், கையெழுத்தோடு, மின்னஞ்சல் செல்லாது. ஆனால் இத்தனை ஆண்டு விலகமாட்டேன் என்றொரு விதியைச் சிலர் உள்ளே சேர்த்துவிடுவார்கள். நான்கு ஆண்டு வரை அது செல்லும். இரண்டு ஆண்டுப் பணிக்குச் செல்பவர் அதில் கையெழுத்திடலாகாது. ஐயம் எழுந்தால், நகரங்களில் உள்ள குடியிருப்போர் சங்கத்தில் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வார்கள்.

சாவி வாங்கும் நாளில் சுவரின் கீறல் முதல் மின்னளவி எண் வரை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, படமும் எடுத்துவையுங்கள். பிணைத்தொகை திரும்புவதற்கு அந்தத் தாளே சாட்சி. வீட்டைக் காலி செய்த பிறகும் அத்தொகை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அந்நாட்டு வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.

எங்கள் வாடகை ஒப்பந்தம் ஒன்றின் படியையும் வரிக்கு வரி தமிழாக்கத்தையும் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். இவ்வாண்டு புறப்படுகிறவர்கள் இன்று மாலையே எங்களோடு அமர்ந்து அதைப் படிக்கலாம்.